படியில் சாம்பல்

"மெதுவா, மெதுவா... நிலையில இடிக்கப் போகுது!" என்று சொல்லிக்கொண்டே யோலாந்த் பின்பக்கமாக அடியெடுத்து வைத்தாள். டி.வி.யின் ஒரு பக்கம் அவள் கையில், மறுபக்கம் கீழ்வீட்டு மதாம் பூல்யோவின் கையில். மரச்சட்டம் போட்ட அந்தக் காலத்து டி.வி., நல்ல கனம். இரண்டு பெண்களுக்கும் மூச்சு வாங்கியது.

"இதை எங்கடி வைக்கப் போறே?"

"சமையலறையில. வேற எங்க இடம் இருக்கு?"

"சமையலறையிலயா? அதுவும் நல்லதுதான்" என்றாள் மதாம் பூல்யோ. என்ன நல்லது என்று யோலாந்த் அப்போது கேட்கவில்லை. முன்னறையைக் காலி செய்தாக வேண்டும். அப்பா வந்துகொண்டிருந்தார்.

வெளியே படிக்கட்டில் ஆட்களின் குரல் கேட்டது. எங்கள் தெருவில் மாடிப்படி வீட்டுக்கு வெளியேதான் இருக்கும். இரும்புப் படி, நடுவில் ஒரு வளைவு. பனி உறைகிற பிப்ரவரி மாதம் வெறுங்கையோடு ஏறுவதற்கே சர்வேசுரன் துணை வேண்டும். சவ அடக்கக்காரனின் ஆட்கள் நாலு பேரும் வளைவில் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சவப்பெட்டியை நிமிர்த்தித்தான் கொண்டுவர முடிந்தது. இத்தனை வருஷமாக வேலை முடிந்து குனிந்துகொண்டு ஏறிய படியில், யோலாந்தின் அப்பா தோனா கெர்தன் அன்றைக்கு நேராக நின்றபடி வீட்டுக்கு வந்தார்.

சவ அடக்கக்காரனுடைய கூடத்திலேயே வைத்துவிடலாம், இப்போதெல்லாம் மொன்றியலில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மகன் ரெயால் சொல்லிப் பார்த்தான். அம்மா எக்ஸில்டா ஒப்பவில்லை. "அவர் ஒரு நாளும் நாள்வாடகை அறையில படுத்தவர் இல்லை" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஜன்னலுக்குத் திரை போட்டு, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, புனித நீரில் ஒரு பசுங்கிளையைப் போட்டு வைத்தார்கள். வாசல் கதவில் கறுப்புத் துணி தொங்கியது. டி.வி. நின்ற இடத்தில் தோனா படுத்தார்.

தோனா ரயில் பட்டறையில் கொதிகலன் அடித்தவர். இரும்புத் தகட்டில் ஆணி அறைந்து அறைந்து நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் அதே கதிதான். அவர்கள் இரண்டு பேர் கூடி வானிலை பேசினால் தெரு முழுவதற்கும் வானிலை தெரிந்துவிடும். அவருடைய சிநேகிதர் எமெரி ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், கோயிலில் இருந்த அத்தனை பேரும் அவர் பாவத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு சாமியார் அவரை ஆள் இல்லாத நேரம் பார்த்து வரச் சொல்லிவிட்டார்.

ரெயால் வேறு மாதிரி. சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, கை அழுக்காகாத வேலைக்குப் போனவன். முதலில் வானொலிக்கு எழுதினான். டி.வி. வந்ததும் அதற்கு எழுதினான். 'மாடி வீட்டுக்காரர்கள்' என்று ஒரு தொடர். எங்களுடையதைப் போல ஒரு தெரு, இதே மாதிரி ஒரு படிக்கட்டு, பட்டறைக்குப் போகிற ஓஸியா என்று ஓர் அப்பன், வாய்க்கு வாய் மாதாவைக் கூப்பிடுகிற ஓர் அம்மா. பகலெல்லாம் மேஸ்திரியிடம் ஆங்கிலத்தில் ஏச்சு வாங்கிவிட்டு வந்த ஜனங்களுக்கு, பெட்டிக்குள்ளிருந்து தங்கள் வீட்டுப் பிரெஞ்சே கேட்டால் எப்படி இருக்கும்? புதன்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தெருவில் நாயைக்கூடப் பார்க்க முடியாது. டி.வி. இல்லாதவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் அந்த நேரத்திலேயே நடித்துக் காட்டுவது. நடிகர் தும்மினால் அந்தத் தும்மலும் வீடு வந்து சேரும்.

முதல் வருஷம் தோனாவுக்கு ஒரே பெருமை. காது கேட்காவிட்டால் என்ன, டி.வி. மூக்கைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். மற்றவர்கள் சிரித்தால் அவரும் சிரித்தார். அந்த ஓஸியா தேநீரைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினான், தொப்பியோடு சாப்பிட உட்கார்ந்தான், எடுத்ததற்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்தினால் ஊரே சிரித்தது. கடையில், கோயில் வாசலில், பட்டறை வாசலில் தோனாவை எல்லாரும் "என்ன ஓஸியா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். அவரும் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

யோலாந்தின் பெருமை அதற்கு முன்பே போய்விட்டது. சட்டைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண் அவள், வயது முப்பதைத் தாண்டியாயிற்று. தெருவுக்கு ரொட்டி வண்டி ஓட்டி வந்த மனைவியை இழந்த ஒருவர், இவள் வீட்டு வாசலில் மட்டும் குதிரையைக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். இதை அவள் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஒரு புதன்கிழமை பார்த்தால், ஓஸியாவின் மூத்த மகள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ரொட்டி வண்டிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் தெருவில் வாண்டுகள் குதிரை மாதிரிக் கனைத்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரொட்டிக்காரர் வேறு தெரு கேட்டு மாறிப் போனார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சண்டை போட்டால் அந்தச் சண்டையையும் எழுதுவான் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில்தான் அப்பா அதைக் கேட்டார். நாடகம் முடிந்து எல்லாரும் போன பிறகு, டி.வி. அணைந்து நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"யோலாந்த், அந்த ஆளு வாயைப் பார்த்தா கத்தற மாதிரி இருக்கே. கத்தறானா?"

அவள் தலையாட்டினாள்.

"நானும் அப்படித்தான் கத்தறேனா?"

அவள் என்ன சொல்வாள்? இல்லை என்று கையை ஆட்டினாள். அவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அன்றையிலிருந்து அவர் குரல் இறங்கிவிட்டது. எவ்வளவு இறக்க வேண்டும் என்று தன் காதால் தெரிந்துகொள்ள முடியாத மனிதர். அதனால் ஒரேயடியாக இறக்கிவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா குனிந்து அவர் வாயருகே காதை வைக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் நெஞ்சுச் சளி கட்டியது. கட்டியது கரையவில்லை.

அவர் போனது திங்கட்கிழமை விடியற்காலை. அம்மா முதல் பூசைக்குப் போகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்த அறையில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். யோலாந்த் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் உதடு அசைந்ததைப் பார்த்துக் குனிந்தாள்.

"படியில சாம்பல் போட்டாச்சா?" என்றார். மூச்சுக்காற்றில் எழுதியது போல அத்தனை மெல்லிய குரல். "உங்கம்மா பூசைக்குப் போறா. விழுந்துடப் போறா."

குளிர்காலத்தில் தினமும் விடியுமுன் அவர் செய்கிற வேலை அது. அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிப் பனி உறைந்த படிகளில் தூவுவார். வளைவில் மட்டும், அம்மா பிடிக்கிற கைப்பிடி ஓரமாக, இரண்டு கை அதிகம் போடுவார். அம்மாவோ அந்தச் சாம்பலுக்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. காலில் ஒட்டி வந்து லினோலியம் தரையெல்லாம் நாசமாகிறதாம். "வீட்டுக்காரன் படியை இவர் எதுக்குக் காப்பாத்தணும்?" என்று கேட்பாள்.

"இதோ போடறேன்ப்பா" என்று யோலாந்த் ஓடினாள். அம்மாவுக்கு முந்திக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தூவினாள். வளைவில் இரண்டு கை அதிகம் போட்டாள். அம்மா படியிறங்கி, கோயில் பக்கம் திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

அம்மாவிடம் அந்த வார்த்தைகளை அவள் உடனே சொல்லவில்லை. பூசையிலிருந்து வந்தவள் கட்டிலில் சாய்ந்து அழுதாள். பிறகு சாமியார் வந்தார், மருத்துவர் வந்தார், அண்டை அயல் வந்தது. இந்தக் கூட்டத்தில் கொட்டுகிற சொல் இல்லை அது. அடக்கம் முடியட்டும், வீடு காலியாகட்டும், அம்மாவும் அவளும் மட்டும் இருக்கும்போது ஒரு கோப்பைத் தேநீரோடு சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அவர் விட்டுப்போனதில் உருப்படியான சொத்து அது ஒன்றுதான், அதுவும் அம்மாவுக்கு உரியது.

ஆனால் அன்று மத்தியானம் ரெயால் வந்தான். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நிஜமான அழுகை. அதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

"அக்கா, நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனே. கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவள் ஒரு கைத்துணியை அவனிடம் நீட்டினாள்.

"என்னைப் பத்தி ஏதாவது..."

"உன்னைப் பத்தி இல்லை."

"அப்ப என்ன சொன்னார்? நான் அவர் பிள்ளை இல்லையா? எனக்குத் தெரிய வேண்டாமா?"

"சொல்றேன். ஆனா ரெயால், இது உன் நாடகத்துக்குப் போகக் கூடாது. அம்மாவுக்கே நான் இன்னும் சொல்லலை."

"அப்பா மேல ஆணை, அக்கா. என்னை என்னன்னு நினைச்சே?"

அவள் சொன்னாள். அவன் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் அழுகை நின்றது. அவன் பார்வை சுவரில் எங்கோ போய் நின்றது, உதடு ஓசையில்லாமல் அசைந்தது, எதையோ மனப்பாடம் செய்கிறவனைப் போல. துக்கம் என்றுதான் அவள் நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். முன்னறையில் அரைமணி உட்கார்ந்து, பசுங்கிளையால் பெட்டியின் மேல் புனித நீர் தெளித்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் புகைபிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது எங்கள் வழக்கம். பன்றிக்கறிப் பணியாரமும் சர்க்கரைப் பணியாரமும் மேசையில் இருந்தன. மணிக்கொரு தடவை யோலாந்த் ஜெபமாலை தொடங்கினால் எல்லாரும் முன்னறைக்கு வந்து முழந்தாளிடுவார்கள்.

ரெயால் நாலு மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டான்.

"இன்னைக்கு உன் நாடகம் இருக்கே?" என்றாள் யோலாந்த்.

"அது முன்னாடியே எழுதிக் கொடுத்தது. நான் இருக்கணும்னு இல்லை. ஒரு கையெழுத்து போட்டுட்டு எட்டு மணிக்குள்ள வந்துடறேன்."

எட்டு மணிக்கு அவன் வரவில்லை. எட்டு மணி ஜெபமாலை முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகச் சமையலறைப் பக்கம் நழுவினார்கள். ஒருத்திக்குக் காப்பி வேண்டியிருந்தது, ஒருவருக்குப் புகையிலை. மதாம் பூல்யோ மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"சத்தத்தைக் குறைச்சுத்தான் வைப்போம், யோலாந்த். உன் தம்பி எழுதினதுதானே? உங்கப்பா இருந்தா அவரே முதல் ஆளா உட்கார்ந்திருப்பாரு."

"சாவு வீட்டுலயா?"

"ஓஸியாவுக்கு உடம்பு சரியில்லைங்கறதோட போன வாரம் கதையை நிறுத்திட்டாங்கடி. பிழைப்பாரா மாட்டாரான்னு தெரியாம ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை."

யோலாந்த் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தாள். "காப்பி பொங்கிடப் போகுது, பார்த்துட்டு வந்துடறேன்" என்று அம்மாவும் எழுந்து போனாள். போனவள் வரவில்லை.

முன்னறையில் அப்பா, மெழுகுவத்திகள், யோலாந்த். அவர்களோடு எமெரி. அவருக்கு டி.வி. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று வீடு அதிரக் கேட்டார்.

அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"சாப்பிடறாங்களா? சாப்பிடட்டும், சாப்பிடட்டும். தோனாவுக்குச் சாப்பாடுன்னா ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு எமெரி தன் சிநேகிதனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நடைவழியின் அந்தக் கோடியில் சமையலறைக் கதவு திறந்திருந்தது. வரிசையாக முதுகுகள், அதற்கு அப்பால் நீலமாக ஒரு வெளிச்சம். தொடரின் இசை வந்தது. அதன் பிறகு ஓஸியாவின் மனைவியின் குரல், மூத்த மகளின் குரல், இருமல். இருமலைக் கேட்டதும் யோலாந்த் கதவுப் பக்கம் திரும்பினாள். எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிடலாமா என்று நினைத்தாள். அப்பாவைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை விட்டுப் போய் வந்ததே போதும்.

அப்போது அந்த நடிகர் கத்தினார். எப்போதும் கத்துகிற அதே குரல், தொண்டை கிழிய.

"படியில சாம்பல் போட்டாச்சாடீ?"

சமையலறை கொல்லென்று சிரித்தது.

"உங்கம்மா பூசைக்குப் போறா! விழுந்துடப் போறாடீ!"

சிரிப்பு இன்னொரு தடவை எழுந்து பாதியில் நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. யாரோ ஒருத்தி "ஐயோ மாதாவே, போயிட்டாரு" என்றாள். உடனே ஒரு விம்மல், அதைத் தொட்டு இன்னொன்று. மதாம் பூல்யோ ஓவென்று அழுதாள். இரண்டு நாளாக இந்த வீட்டில் தோனாவுக்காக யாரும் அப்படி அழவில்லை.

யோலாந்த் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்குள் பேசிய மனிதரை ரெயால் ஊருக்கெல்லாம் கத்த வைத்துவிட்டான். அவள் காதில் வைத்த சொல்லைச் சிரிப்புக்கு விற்றுவிட்டான். அப்பா மேல் ஆணை என்றானே, அந்த அப்பா இதோ படுத்திருக்கிறார்.

டி.வி.க்குள் ஒரு சாமியார் குரல் ஜெபமாலை தொடங்கியது. எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினம் மாலை ஏழு மணிக்கு வானொலியில் ஜெபமாலை வந்தால், போட்டது போட்டபடி அதன் முன்னால் முழந்தாளிட்டுப் பதில் சொல்வார்கள். பெட்டிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தால் முழங்கால் தானாக மடங்கிவிடும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யோலாந்த் எட்டிப் பார்த்தாள். சமையலறையில் இருந்த அத்தனை பேரும் டி.வி.யின் முன்னால் முழந்தாளில் இருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாகக் குதிகால்கள்தான். அவற்றில் அம்மாவின் குதிகாலும் இருந்தது.

"இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." என்று எல்லாரும் ஒரே குரலில் ஓஸியாவின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

எமெரியும் எட்டிப் பார்த்தார்.

"அட, ஜெபமாலை தொடங்கியாச்சா? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே சிரமப்பட்டு மண்டியிட்டார், சவப்பெட்டியைப் பார்த்து. தெரிந்த குரலில், அதாவது பட்டறைக் குரலில், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார்.

சமையலறையிலிருந்து யாரோ "உஸ்ஸ்!" என்றார்கள்.

நாடகம் முடிந்து எல்லாரும் சிவந்த கண்ணோடு முன்னறைக்குத் திரும்பினார்கள். மதாம் பூல்யோ யோலாந்தைக் கட்டிக்கொண்டாள். "இப்பத்தான்டி எனக்கு உறைச்சுது, உங்கப்பா போயிட்டாருன்னு." அவள் மூக்கு ஒழுகி யோலாந்தின் தோள் நனைந்தது.

அம்மா வந்து பெட்டியருகே நின்றாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"ரெயால் நல்லா எழுதியிருக்கான்" என்றாள். "அந்தச் சாம்பல் விஷயம். கேட்டதும் எனக்கே நெஞ்சை அடைச்சுடுச்சு."

"அம்மா..."

"இந்த மனுஷன் ஒரு நாளாவது எனக்காக அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? கதையில வர்ற ஆம்பளைங்கதான் அப்படியெல்லாம் பேசுவாங்க."

"அம்மா, அது அப்பா சொன்னது. நிஜமா சொன்னது. திங்கட்கிழமை காலையில என்கிட்ட."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, களைப்புத்தான். யோலாந்தின் கன்னத்தில் கைவைத்து மெல்லத் தட்டினாள்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா, கண்ணு? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு பார்க்கறே. வேண்டாம். அவர் எப்படியோ அப்படியே போகட்டும்."

யோலாந்த் இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் மனசுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபோது அப்பாவின் குரல் வரவில்லை. அந்த நடிகரின் குரல்தான் வந்தது.

அவள் அடுப்பருகே போய்ச் சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பனி புதிதாக உறைந்திருந்தது. மேல்படியிலிருந்து தூவிக்கொண்டே இறங்கினாள். வளைவுக்கு வந்து, கைப்பிடி ஓரமாக இரண்டு கை அதிகம் போட்டபோது கீழே ஒரு டாக்சி நின்றது. ரெயால் இறங்கினான். கையில் ஒரு பெரிய பூவளையம், டி.வி. நிலையத்தார் கொடுத்தது. முகம் பளபளவென்று இருந்தது.

"அக்கா! பார்த்தியா?"

"கேட்டேன்."

"அம்மா?"

"பார்த்தாங்க."

"அழுதாங்களா?" என்று அவன் வளைவுவரை ஏறி வந்து ஆவலாகக் கேட்டான்.

அவள் வாளியைக் கைப்பிடியில் தாங்கிக்கொண்டு நின்றாள். "ஆணை போட்டியே ரெயால்."

"நான் என்ன பண்ணுவேன்? அந்த நடிகருக்கு வேற ஊர்ல நாடகம், இந்த வாரம் ஓஸியாவை அனுப்பியே ஆகணும். எப்படி முடிக்கறதுன்னு தெரியாம ஒரு மாசமா தவிச்சுட்டிருந்தேன். நீ சொன்னதும்... அக்கா, அதை விட்டா வேற முடிவே இல்லை. நீயே யோசிச்சுப் பாரு. இன்னைக்கு நாடே அப்பாவுக்காக அழுதிருக்கு."

"ஓஸியாவுக்காக அழுதது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"முதல்ல சிரிச்சாங்க" என்றாள் அவள். "அப்பா கத்தலை, ரெயால். காதை வாய்க்கிட்ட வெச்சுத்தான் கேட்டேன். போன வருஷத்திலேர்ந்தே அவர் கத்தறதில்லை. உனக்கு அதுகூடத் தெரியாது."

பூவளையத்தின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் அவனைத் தாண்டி இறங்கி மிச்சப் படிகளுக்கும் சாம்பலைத் தூவி முடித்தாள். காலையில் பெட்டியை இறக்குகிறவர்கள் வழுக்கி விழக் கூடாது.

மறுநாள் யாரும் விழவில்லை. இறங்கும்போதும் வளைவில் தோனாவை நிமிர்த்தத்தான் வேண்டியிருந்தது. பின்னாலேயே வந்த அம்மா அந்த இடத்தில் நின்றாள். கைப்பிடி ஓரமாகச் சாம்பல் மற்ற படிகளைவிடத் தடிப்பாக, சின்ன மேடு மாதிரிக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள். தினமும் மிதித்த இடம்தான். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். எமெரி, "என்ன எக்ஸில்டா, வழுக்குதா?" என்று கத்தினார். அம்மா காலை அதன் மேல் வைத்து இறங்கினாள்.

பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைப் பனிக்காலக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். மண் இரும்பாய் உறைந்திருந்தது. குழி வெட்ட ஏப்ரல் ஆகும். வீடு திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. சமையலறையில் அப்பாவின் நாற்காலியில் ரெயால் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். யோலாந்த் நேரே அடுப்பருகே போனாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அம்மா படியேறி வருவது கேட்டது. வாசலில் மிதியடி இருந்தது. அதில் காலைத் தேய்க்காமல் அந்த வீட்டுக்குள் அம்மா நுழைந்ததும் இல்லை, யாரையும் நுழைய விட்டதும் இல்லை. இன்றைக்கு அம்மா மிதியடியைத் தாண்டிக் காலை வைத்தாள். நடைவழி முழுவதும், சமையலறை லினோலியத்தின் குறுக்கே, சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு அடியாகப் பதித்துக்கொண்டு நடந்தாள். படுக்கையறை வாசலில் ஒரு தடவை திரும்பித் தரையைப் பார்த்தாள். துடைக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தத் தடங்கள் அப்படியே கிடந்தன. யோலாந்த் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தரை அழுக்காக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் வரை, நாளை வரை, அம்மா போதும் என்கிறவரை கிடக்கட்டும் என்று நினைத்தாள்.

பிறகு அவள் ரெயாலைப் பார்த்தாள். அவன் கண் வாசலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடமாகப் படுக்கையறைக் கதவுவரை போய் நின்றது. அவன் உதடு ஓசையில்லாமல் அசைந்தது.

யோலாந்த் மூலையிலிருந்த துடைக்கிற துணியை எடுத்துத் தண்ணீர் வாளியில் முக்கினாள். பிழியக்கூட நிற்காமல், முழங்காலை மடக்கி, படுக்கையறைக் கதவுப் பக்கத்திலிருந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.